சுடாத தோட்டா நகர்ந்த கதை: .44 மேக்னம் வேட்டை ரிவால்வர் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

சம்பந்தப்பட்ட வேட்டைக்காரரின் சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். அவர் பெயர், பண்ணை இருக்கும் இடம், துப்பாக்கியைச் செய்த நிறுவனம் மூன்றும் இதில் இல்லை. மனிதர் யாருக்கும் காயம் இல்லை. ஆனால் ஒரே குண்டில் செத்திருக்க வேண்டிய பன்றி ஒன்று அரை மணி நேரத்துக்கும் மேலாகப் புதருக்குள் உயிரோடு கிடந்தது. கையில் இருந்த ரிவால்வரில் இன்னும் மூன்று தோட்டாக்கள் சுடப்படாமல் இருந்தன. அவற்றைச் சுட முடியவில்லை, வெளியே எடுக்கவும் முடியவில்லை.

ஒரு தோட்டாவைச் சுடும் உதையில், சிலிண்டரின் (தோட்டா அறைகள் உள்ள சுழல் உருளையின்) மற்ற அறைகளில் காத்திருக்கும் தோட்டாவின் குண்டு அதன் பித்தளைக் கூட்டிலிருந்து முன்னால் நகர்ந்து, சிலிண்டரைச் சுழலவிடாமல் மாட்டிவிடும். கனமான குண்டுகளைப் பெரிய ரிவால்வர்களில் வைத்து வேட்டையாடுகிற எல்லோரும் இந்தக் கோளாறைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்போம். ஆனால் நம் தோட்டாவில் அது இருக்கிறதா என்று வெர்னியர் அளவுகோலை எடுத்து அளந்து பார்த்தவர்கள் மிகவும் குறைவு. நானும் அளந்ததில்லை.

பின்னணி

இடம் டெக்சாஸ் மாநிலத்தின் ஹில் கண்ட்ரி. சுண்ணாம்புப் பாறை மேடுகள், ஜூனிப்பர் புதர்கள், நம் ஊர்ச் சீமைக் கருவேலத்துக்கு உறவான மெஸ்கீட் மரங்கள். அங்கே காட்டுப்பன்றிகள் விளைநிலத்தை இரவோடு இரவாக உழுதுபோட்டு விடும். அவற்றைச் சுடுவதற்கு அந்த மாநிலத்தில் பருவக் கட்டுப்பாடு கிடையாது. 2019 செப்டம்பர் முதல், நில உரிமையாளர் சம்மதித்தால் தனியார் நிலத்தில் வேட்டை உரிமம்கூடத் தேவையில்லை. பன்றி திரியும் ஓடைக்கரைகளில் பத்துப் பதினைந்து மீட்டருக்கு மேல் பார்வை எட்டாது. கைத்துப்பாக்கியோடு போகிறவர்கள் அங்கே அதிகம் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

வேட்டைக்காரருக்கு ஐம்பத்தைந்து வயதுக்கு மேல். இருபது ஆண்டுகளாக ரிவால்வரில்தான் வேட்டை. தோட்டாக்களையும் தானே நிரப்பிக்கொள்வார். வைத்திருந்தது ஏழரை அங்குலக் குழல் கொண்ட, ஒவ்வொரு முறையும் சுத்தியலைக் கட்டைவிரலால் இழுத்துச் சுட வேண்டிய பழைய பாணி .44 மேக்னம். வெற்று எடை 1.36 கிலோ.

.44 மேக்னம் தோட்டா 1955இல் வந்தது. அதற்கு முன்பே துப்பாக்கிகளைப் பற்றி எழுதிய எல்மர் கீத் போன்றவர்கள் .44 ஸ்பெஷல் தோட்டாவில் 250 கிரெயின் எடையுள்ள ஈயக் குண்டை வைத்து, வெடிமருந்தைக் கூட்டிப் பல ஆண்டுகள் சுட்டுப் பார்த்திருந்தார்கள். தொழிற்சாலையிலிருந்து வந்த முதல் தோட்டாக்களில் 240 கிரெயின் குண்டு இருந்தது. 15.43 கிரெயின் ஒரு கிராம் என்பதால் அது ஏறத்தாழ 15.6 கிராம். 300 கிரெயினைத் தாண்டிய குண்டுகள் பிற்பாடுதான் பரவலாயின. அவற்றின் தேவையும் உண்மையானதுதான். ரைஃபிளின் வேகத்தை ரிவால்வரால் தர முடியாது. வேகம் இல்லாத இடத்தில் ஊடுருவலைத் தருவது எடை. முதிர்ந்த ஆண் பன்றியின் தோள்மேல் கேடயம் மாதிரி ஒரு தடித்த திசுப்படலம் இருக்கும். மூக்கு விரியும் இலேசான குண்டு அதிலேயே பாதி பலத்தை இழந்துவிடலாம். கடினமான ஈயக்கலவையில் வார்த்த தட்டை மூக்குக் கனக் குண்டு விரியாது, திசையும் மாறாது. ஒரு தோளில் நுழைந்து மறு தோளில் வெளியேறும்.

அவர் 320 கிரெயின் குண்டுக்கு மாறி நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. பழைய துப்பாக்கியில் அது அருமையாகச் சுட்டது. வேகத்தை அளந்து சொன்னது நான். நொடிக்கு 380 மீட்டர் அளவில், தோட்டாவுக்குத் தோட்டா வேறுபாடு குறைவாக வந்தது. நல்ல தோட்டா என்று அவரிடம் சொன்னேன். அந்த வார்த்தையை அவர் நம்பினார்.

அதன்பிறகு அவருக்கு இடுப்பெலும்பில் அறுவை நடந்தது. ஒன்றரைக் கிலோவைப் பெல்ட்டில் தொங்கவிட்டுப் பாறையில் ஏறுவது முடியாமல் போனது. எடை குறைந்த உலோகக் கலவையில் செய்த, நான்கு அங்குலக் குழல் கொண்ட, சிலிண்டர் பக்கவாட்டில் திறக்கும் .44 மேக்னம் ஒன்றை வாங்கினார். வெற்று எடை 740 கிராம். அதில் ஆறு தோட்டாக்களைச் சுட்டுக் குறி பார்த்தார். உதை கடுமையாக இருந்ததால் அதோடு நிறுத்திவிட்டார். தோட்டாப் பெட்டி அதே பழைய பெட்டிதான்.

அன்று மாலை

டிசம்பர். வெளிச்சம் போக முக்கால் மணி நேரம் இருந்தது. கூட ஒரு நண்பர், அவர் கையில் ரைஃபிள். ஓடை மணலில் ஏழெட்டுப் பன்றிகள் இறங்கின. முன்னால் நின்ற பெரிய ஆணை நம்மவர் சுமார் பதினெட்டு மீட்டரில் சுட்டார். முதல் குண்டு தோளுக்குச் சற்றுப் பின்னால் பட்டது. பன்றி சுழன்று திரும்பியது. இரண்டாவது தவறி மணலில் பாய்ந்தது. மூன்றாவது இடுப்புப் பக்கம் பட்டது. நான்காவதற்கு விசையை இழுத்தார்.

விசை கால்வாசி தூரம் வந்து நின்றுவிட்டது.

இரண்டு கையாலும் இழுத்தார். சிலிண்டர் கொஞ்சம் திரும்பி, எதன்மீதோ இடித்தது போல நின்றது. திறக்கும் பித்தானை அழுத்திப் பக்கவாட்டில் தள்ளினார். திறக்கவில்லை. பன்றி எதிர்க்கரைப் புதருக்குள் நுழைந்துவிட்டது. நண்பர் நின்ற இடத்திலிருந்து ரைஃபிளுக்குச் சரியான கோணம் கிடைக்கவில்லை. அவர் சுடாமல் இருந்தது சரிதான்.

முதல் ஒரு நிமிடத்தில் வேட்டைக்காரர் செய்ய நினைத்ததை மறைக்காமல் என்னிடம் சொன்னார். குழலின் பின்பக்கத்தை ஒரு கல்லில் தட்டிச் சிலிண்டரை விடுவிக்கப் பார்த்திருக்கிறார். நண்பர் கையைப் பிடித்துக்கொண்டார். உள்ளே மூன்று உயிருள்ள தோட்டாக்கள், எது எங்கே மாட்டியிருக்கிறது என்று இருவருக்கும் தெரியாது. அப்படிப்பட்ட துப்பாக்கியைத் தட்டக்கூடாது. நண்பர் அன்று செய்தவற்றிலேயே மிக முக்கியமானது அந்தப் பிடிதான் என்று நினைக்கிறேன்.

பன்றியைத் தேடியது

அடுத்த முடிவு, உடனே புதருக்குள் போவதா காத்திருப்பதா என்பது. காயம்பட்ட ஆண் பன்றி நெருக்கமான புதரில் கிடக்கிறது, சுடக்கூடிய துப்பாக்கி ஒன்றுதான். இருவரும் இருபது நிமிடம் காத்திருந்தார்கள். மாட்டிக்கொண்ட ரிவால்வரை, குழல் எதிர் மேட்டைப் பார்க்கும்படி ஒரு பாறை இடுக்கில் வைத்தார்கள். இடுப்பு உறையில் போட்டுக்கொண்டு நடக்கவில்லை. பிறகு நண்பர் ரைஃபிளோடு முன்னால், நம்மவர் கைவிளக்கோடு ஒரு எட்டுப் பின்னால், ரத்தத் தடத்தைப் பிடித்துப் போனார்கள். அறுபது மீட்டர் தள்ளிப் பன்றி படுத்திருந்தது. எழ முயன்றது. நண்பர் ஒரே குண்டில் முடித்தார். மொத்தம் முப்பத்தைந்து நிமிடம் ஆகியிருக்கும் என்றார்கள்.

பிறகு அறுத்துப் பார்த்ததில், முதல் குண்டு ஒரு நுரையீரலின் பின்னோரத்தை மட்டும் துளைத்து மறுபக்கம் வெளியேறியிருந்தது. ஊடுருவலில் குறை ஏதும் இல்லை. பட்ட இடம்தான் நான்கு விரல் பின்னால் தள்ளிப்போயிருந்தது. ஆறே தோட்டா சுட்டுப் பழகிய துப்பாக்கி என்பதை இங்கே மறந்துவிடக் கூடாது.

மேசையில் கண்டது

மறுநாள் காலை என் வேலை மேசைக்கு ரிவால்வர் வந்தது. தோட்டாக்கள் உள்ளேதான் இருந்தன. வண்டியின் பின்பெட்டியில், குழல் பின்பக்கம் பார்க்க, மணல் மூட்டைகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்தார்கள்.

முதலில் பார்க்க வேண்டியது குழல். மருந்து சரியாக எரியாமல் குண்டு குழலின் தொடக்கத்திலேயே நின்றுவிட்டாலும் சிலிண்டர் இப்படித்தான் மாட்டிக்கொள்ளும். மூன்றாவது வெடியின் சத்தமும் உதையும் முழுதாக இருந்ததாக இருவரும் சொன்னார்கள். குழலின் முன்வாயிலிருந்து ஒரு மெல்லிய மரக்குச்சியை மெதுவாக விட்டுப் பார்த்தோம். சுடப்பட்ட மூன்றாவது கூட்டின் உள்ளே வரை தடையின்றிப் போனது. குழலில் எதுவும் இல்லை.

பிறகு சிலிண்டரின் முன்முகத்துக்கும் குழலின் பின்முனைக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் விளக்கைப் பிடித்துப் பார்த்தோம். அடுத்து மேலே வர வேண்டிய அறையில் இருந்த தோட்டாவின் ஈய மூக்கு சிலிண்டருக்கு வெளியே எட்டிப் பார்த்தது. குழல் விளிம்பில் இடித்த இடத்தில், நகத்தால் கீறினாற்போல, பளபளவென்று ஒரு பிறைக் கோடு. ஒரு மெல்லிய பித்தளைத் தகட்டை இடைவெளியில் நுழைத்து மூக்கை மெதுவாகப் பின்னால் அழுத்தினேன். பெரிய பலம் எதுவும் தேவைப்படவில்லை. குண்டு உள்ளே போனது. அது அவ்வளவு எளிதாகப் போனதுதான் எனக்கு அதிர்ச்சி. சிலிண்டர் திறந்தது.

சிலிண்டரின் நீளம் 42.7 மில்லிமீட்டர். கூட்டின் அடி விளிம்பு 1.5 மில்லிமீட்டர் வெளியே நிற்கும். இந்தத் தோட்டாக்களை அவர் 42.2 மில்லிமீட்டர் மொத்த நீளத்தில் செய்திருந்தார். தொழில்தர வரம்பான 40.9ஐ விட அதிகம், ஆனால் கனமான குண்டுகளில் மூக்கு நீளம் என்பதால் இது வழக்கம். மூக்குக்கு முன்னால் 2 மில்லிமீட்டர் இடம் மிச்சம் இருந்தது. சுடாத மற்ற இரண்டு தோட்டாக்களும் 43.1, 43.6 என்று அளந்தன. ஒன்று 0.9, இன்னொன்று 1.4 மில்லிமீட்டர் முன்னால் வந்திருந்தது. மாட்டிக்கொண்டதை நான் அழுத்திவிட்டதால் நேரடியாக அளக்க முடியவில்லை. குழலில் இடிக்க வேண்டுமானால் அது 2 மில்லிமீட்டருக்கு மேல் வந்திருக்க வேண்டும். எல்லாம் மூன்றே மூன்று வெடிகளில்.

ஏன் நகர்ந்தது

தோட்டா நிரப்புகிற எல்லோர் வீட்டிலும் குண்டு கழற்றும் சுத்தியல் ஒன்று இருக்கும். தவறாகச் செய்த தோட்டாவை அதன் தலைக்குள் மாட்டிக் கட்டையில் ஓங்கி அடித்தால், கூடு நின்றுவிடும், குண்டு மட்டும் முன்னால் போய்க் கழன்று விழும். உதைக்கும் ரிவால்வரும் அதே வேலையைத்தான் செய்கிறது. சுட்ட கணத்தில் துப்பாக்கி பின்னால் பாய்கிறது. அடி விளிம்பில் பிடிபட்டிருக்கும் மற்ற ஐந்து கூடுகளும் அதோடு பின்னால் இழுபடுகின்றன. அவற்றுக்குள் இருக்கும் குண்டுகள் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கின்றன.

அந்த இழுப்பு எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்த்தேன். .44 மேக்னத்தின் அழுத்த வரம்பு 36,000 பிஎஸ்ஐ, அதாவது சதுர அங்குலத்துக்கு 36,000 பவுண்டு. அழுத்தம் அந்த உச்சத்தைத் தொடும் கணத்தில் துப்பாக்கியைப் பின்னால் தள்ளும் விசை ஏறத்தாழ 2,370 கிலோ எடைக்குச் சமம். தோட்டாக்களோடு சுமார் 1.55 கிலோ இருக்கும் பழைய துப்பாக்கியில், 240 கிரெயின் குண்டு கூட்டிலிருந்து விலக முயலும் பலம் 24 கிலோ எடை அளவு. அதே துப்பாக்கியில் 320 கிரெயின் என்றால் 32. தோட்டாக்களோடு சுமார் 0.9 கிலோ இருக்கும் புதிய துப்பாக்கியில் 320 கிரெயின் என்றால் 55க்கு அருகில். கை தாங்குவதையும் துப்பாக்கி மேல்நோக்கிச் சுழல்வதையும் இதில் சேர்க்கவில்லை. ஆகவே இது ஒரு மேல்வரம்பு, அதுவும் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்துக்கு மட்டும். ஆனாலும் 24க்கும் 55க்கும் உள்ள தூரம் கதையைச் சொல்லிவிடுகிறது. குண்டின் எடையைக் கூட்டி, துப்பாக்கியின் எடையையும் குறைத்தால், இரண்டும் ஒன்றையொன்று பெருக்குகின்றன.

இந்த இழுப்பைத் தாங்க வேண்டியவை இரண்டு. ஒன்று கிரிம்ப், அதாவது கூட்டின் வாய் விளிம்பைக் குண்டின் பள்ளத்துக்குள் மடித்துவிடுவது. மற்றொன்று கூட்டின் சுவர் குண்டை இறுக்கிப் பிடிக்கும் பிடிப்பு. பலரும் முதலாவதையே நம்புகிறார்கள். நான் பார்த்தவரை இரண்டாவதுதான் முக்கியம்.

அவருடைய தோட்டாக்களில் இரண்டுமே பலவீனமாக இருந்தன. கூடுகள் பல தயாரிப்புகளின் கலவை, சில பத்து முறை வரை நிரப்பப்பட்டவை. பெட்டியில் மிச்சம் இருந்தவற்றின் நீளம் 32.3 முதல் 32.6 மில்லிமீட்டர் வரை சிதறியிருந்தது. கிரிம்ப் போடும் டை (அச்சு) ஒரே உயரத்தில் நிற்பதால், குட்டைக் கூட்டுக்கு மடிப்பு குறைவாக விழும். மாட்டிக்கொண்ட தோட்டாவின் கூடு அந்தக் குட்டைகளில் ஒன்று. குண்டை அமர்த்துவதையும் கிரிம்ப் போடுவதையும் ஒரே இழுப்பில் முடித்திருந்தார். குண்டு இன்னும் கீழே இறங்கிக்கொண்டிருக்கும்போதே விளிம்பு மடிந்ததால், மடிப்புக்கு மேல் ஈயம் சுருண்டு நின்றது.

பெரிய காரணம் விரிப்பான். கூட்டின் வாயை விரிக்கும் உருளையை, வார்த்த குண்டின் ஈயம் சுரண்டப்படக்கூடாது என்பதற்காக, 10.90 மில்லிமீட்டருக்கு மாற்றியிருந்தார். குண்டின் விட்டம் 10.92. பித்தளை சற்றுச் சுருங்கும் என்று வைத்துக்கொண்டாலும், பிடிப்புக்கு மிஞ்சியது ஒரு தலைமுடியின் பருமன்கூட இல்லை. கிரிம்ப் போடாத ஒரு தோட்டாவைச் செய்து, மூக்கை மேசை விளிம்பில் வைத்துக் கட்டைவிரல் பலத்தால் அழுத்தினோம். குண்டு உள்ளே வழுக்கிப் போனது. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

எடுத்த முடிவுகள்

அவர் முதலில் கேட்டது, கிரிம்பை இன்னும் பலமாகப் போட்டால் என்ன என்பது. வேண்டாம் என்றேன். அளவுக்கு மேல் மடித்தால் மடிப்புக்குக் கீழே கூடு வெளியே புடைத்துக்கொள்ளும். இருக்கும் பிடிப்பும் தளரும், சில தோட்டாக்கள் அறைக்குள் நுழையவே மறுக்கும்.

இரண்டாவது யோசனை, மருந்தைக் குறைத்து உதையைக் குறைப்பது. அவர் பயன்படுத்தியது ஹெச் 110. மெதுவாக எரியும் இந்த மருந்து சீராகப் பற்றிக்கொள்ள உறுதியான கிரிம்ப்பும் நிறைந்த கூடும் வேண்டும். அளவை வெகுவாகக் குறைக்கக்கூடாது என்று தயாரிப்பாளரே எச்சரிக்கிறார். குறைத்துப் பார்த்துக் குண்டு குழலுக்குள்ளேயே நின்றுபோனால், இப்போது இருப்பதைவிடப் பெரிய ஆபத்து. அதையும் விட்டோம்.

பழைய தோட்டாக்கள் அனைத்தையும் கழற்றிவிடுவது என்று முடிவானது. அறுபத்துச் சொச்சம். குண்டு நகர்ந்த தோட்டாவைத் திரும்ப அழுத்திச் சுடுவதும் கூடாது என்றேன். வேண்டிய ஆழத்துக்கும் கீழே குண்டு போய்விட்டால் உள்ளிடம் சுருங்கி அழுத்தம் ஏறும். பிடிப்பும் திரும்ப வராது.

புதிதாகச் செய்வதற்கு ஒரே தயாரிப்பு, ஒரே வாங்கலில் வந்த கூடுகள். எல்லாவற்றையும் ஒரே நீளத்துக்கு வெட்டினோம். 10.83 மில்லிமீட்டர் விரிப்பான் வாங்கினோம். குண்டை அமர்த்துவது ஒரு படி, கிரிம்ப் தனிப் படி. வாயின் நுனியை மட்டும் சற்று மலர்த்திவிட்டால் ஈயமும் சுரண்டப்படுவதில்லை. அவர் பயந்தது அதற்குத்தான். தீர்வு அவர் தோட்டா நிரப்பும் பிரஸ்ஸிலேயே இருந்தது.

சோதனை

சிலிண்டரை நிரப்பு. ஒரு தோட்டாவின் அடியில் மையால் குறியிட்டு அதன் நீளத்தை அளந்து எழுது. மற்ற ஐந்தையும் சுடு. குறியிட்டதை எடுத்து மறுபடி அளந்து பார். குறியிட்ட தோட்டா எப்போதும் கடைசியாகவே நிற்கும்படி அடுக்கினால், ஒரு வேட்டையில் வரக்கூடிய முழு உதையையும் அது வாங்கிவிடும். 0.25 மில்லிமீட்டருக்கு மேல் நகர்ந்தால் ஏற்பதில்லை என்று நாங்கள் வைத்துக்கொண்டோம். அது எங்கள் வரம்பு, பொது விதி அல்ல.

கழற்றுவதற்கு முன் பழைய தோட்டாக்களில் ஆறை எடுத்துக் கனமான துப்பாக்கியில் இப்படிச் சோதித்தோம். நகர்வு 0.2 மில்லிமீட்டர். நான்கு ஆண்டுகளாக யார் கண்ணிலும் படாததற்கு அதுதான் காரணம். கோளாறு முதல் நாளிலிருந்தே தோட்டாவுக்குள் இருந்தது. கனமான துப்பாக்கி அதை மறைத்து வைத்திருந்தது.

புதிய முறையில் செய்த 320 கிரெயின் தோட்டாக்களை இலேசான துப்பாக்கியில் சோதித்தோம். ஐந்து சுற்றில் மூன்று 0.1க்குள் நின்றன. ஒன்று 0.2. ஒன்று 0.4. முன்பிருந்ததோடு ஒப்பிட்டால் பெரிய முன்னேற்றம். ஆனாலும் அந்த 0.4ஐ ஏற்க எனக்கு மனம் வரவில்லை. அவருடைய மணிக்கட்டும் வீங்கியிருந்தது. அடுத்த வாரம் 240 கிரெயின் வார்த்த தட்டை மூக்குக் குண்டை அதே முறையில் செய்து பத்துச் சுற்று சோதித்தோம். எதுவும் 0.1ஐத் தாண்டவில்லை. குறியும் சுருங்கியது. பதினெட்டு மீட்டரில் ஐந்து குண்டுகளும் ஒரு உள்ளங்கைக்குள் அடங்கின. 320 கிரெயினில் அவருக்கு அந்தத் துப்பாக்கியில் ஒருமுறைகூட அது நடக்கவில்லை.

பின்னர்

இலேசான துப்பாக்கிக்கு 240 கிரெயின் மட்டும் என்று அவர் முடிவு செய்தார். பெட்டியின் மேல் துப்பாக்கியின் பெயரையே எழுதி ஒட்டினார், தோட்டாவின் பெயரை மட்டும் எழுதவில்லை. 320 கிரெயின் கனமான துப்பாக்கிக்கு, வண்டியிலிருந்து கூண்டு வரை நூறடி நடந்தால் போதும் என்கிற நாட்களுக்கு. பெரிய ஆண் பன்றியின் தோளுக்கு 240 போதுமா என்று அவர் கேட்டது நியாயமான கேள்வி. கவசத்தின் நடுவில் நேராகச் சுடுவதைத் தவிர்த்து, பக்கவாட்டில் நிற்கும்போது முன்காலுக்குச் சற்றுப் பின்னால், இருபது மீட்டருக்குள் மட்டும் என்று வரம்பு வைத்துக்கொண்டார். பிப்ரவரியில் அதே ஓடையில் இரண்டு பன்றிகள். தலா ஒரு குண்டு. இரண்டிலும் குண்டு மறுபக்கம் வெளியேறியிருந்தது. மிச்சத் தோட்டாக்களை வீட்டுக்கு வந்து அளந்து, எண்களை எனக்கு அனுப்பினார்.

மாற்றிச் செய்திருக்க வேண்டியவை

வேட்டைக்காரர் சொன்னது, ஆறு தோட்டாவோடு நிறுத்தியிருக்கக் கூடாது, உதை தாங்கவில்லை என்று கை சொன்னபோதே குண்டை மாற்றியிருக்க வேண்டும் என்பது. அந்த ஆறையும் அவர் ஒவ்வொன்றாகப் போட்டுச் சுட்டிருந்தார். ஒரு முறையாவது சிலிண்டரை நிரப்பிச் சுட்டிருந்தால் சுடுதளத்திலேயே மாட்டியிருக்கும்.

என் பங்கு வேறு. நான்கு ஆண்டுகளுக்கு முன் அந்தத் தோட்டாவின் வேகத்தை அளந்தேன், சுட்ட கூடுகளில் அழுத்தத்தின் அடையாளம் இருக்கிறதா என்று பார்த்தேன், இலக்கில் விழுந்த துளைகளை எண்ணினேன். எல்லாமே சுடப்பட்ட தோட்டாக்களைப் பற்றியவை. சுடப்படாமல் அறைக்குள் காத்திருந்த ஒன்றைக்கூட நான் வெளியே எடுத்து அளக்கவில்லை. புதுத் துப்பாக்கி வாங்கியதை அவர் என்னிடம் சொன்னபோது, அதில் என்ன போட்டுச் சுடுகிறீர்கள் என்றும் கேட்கவில்லை.

இப்போது சனிக்கிழமைகளில் சுடுதளத்தில் தோட்டாவின் வேகத்தை அளக்க வருகிறவர்களுக்கு நான் கொடுக்கும் தாளில் இரண்டு கட்டங்கள் கூடியிருக்கின்றன. ஒன்றில் துப்பாக்கியின் எடை. மற்றொன்றில், ஐந்து சுட்ட பிறகு ஆறாவதின் நீளம். இதுவரை அந்தத் தாளை நிரப்பியவர்களில் மூன்று பேருக்கு ஆறாவது நகர்ந்திருந்தது. மூவரும் அன்றே பெட்டியை மூடி வீட்டுக்கு எடுத்துப் போனார்கள்.